வெள்ளிக்கட்டியில் துன்ஹுவாங் விண்ணவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வெள்ளிக்கட்டி வாங்கும்போது நாம் பெரும்பாலும் எடையையும் அன்றைய விலையையும்தான் பார்ப்போம். சேகரிப்பாளர்களுக்கென்றே அச்சடிக்கிற கட்டிகள் வேறு ரகம். 999 தரத்தில் (99.9 சதவீதம் தூய வெள்ளி), ஓர் அவுன்ஸ், அதாவது சுமார் 31.1 கிராம் எடையில், மேலே ஓர் உருவத்தோடு வரும். பழைய பௌத்தக் கலையிலிருந்து எடுத்த உருவங்களுக்கு இதில் நல்ல வரவேற்பு உண்டு. சீனாவின் துன்ஹுவாங் குகை ஓவியங்களை எடுத்துக்கொண்டு பேசுகிறேன். எனக்கு உயிரான ஓவியங்கள் அவை.

துன்ஹுவாங், கன்சு மாகாணத்தில் பாலைவன ஓரத்தில் இருக்கிற பட்டுப்பாதை ஊர். பக்கத்தில் மொகாவ் என்ற இடத்தில் கி.பி. 366இல் ஒரு துறவி முதல் குகையைக் குடைந்தார் என்பது மரபு. அப்புறம் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் அந்த வேலை நிற்கவில்லை. இன்று 492 குகைகளில் ஓவியங்களும் சிலைகளும் இருக்கின்றன. சுவரோவியங்கள் மட்டும் சுமார் 45,000 சதுர மீட்டர்.

320ஆம் எண் குகையில், சீனாவின் தாங் அரசமரபுக் காலத்து ஓவியம் ஒன்று. புத்தருக்கு மேலே உள்ள குடையின் இருபுறமும் இருவர் இருவராக நான்கு விண்ணவர்கள் பறக்கிறார்கள். நம் கந்தர்வர்களும் அப்சரஸ்களும் பௌத்தத்தோடு கூடவே அங்கே போய் எடுத்த வடிவம் இது. இவர்களுக்குச் சிறகு கிடையாது. தோளிலிருந்து நீளும் துணி நாடாதான் பறக்க வைக்கிறது. அந்த நாடாவின் வளைவு ஓரிடத்தில் தடைப்பட்டாலும் உருவம் அந்தரத்தில் தொங்குகிற மாதிரி ஆகிவிடும்.

நிறத்தையும் கோட்டையும் நம்பி நிற்கிற இந்த ஓவியத்தை நிறமே இல்லாத வெள்ளியில் எப்படிக் கொண்டுவருவது? அச்சு வெட்டுகிறவருக்குக் கிடைப்பது ஒரு மில்லிமீட்டர்கூட வராத புடைப்பு. நிழலும் ஒளியும்தான் அவருடைய வண்ணங்கள். சிலர் தளத்தைப் பளபளவென்று விட்டு உருவத்தை மட்டும் மங்கலாக்குகிறார்கள். நான் விரும்புவது இன்னொரு முறை. கந்தகச் சேர்மத்தால் கட்டி முழுவதையும் கறுக்கவைத்து, மேடான பகுதிகளை மட்டும் துடைத்தெடுப்பார்கள். பள்ளங்களில் கறுப்பு தங்கி, நாடாவின் ஒவ்வொரு மடிப்பும் தனித்துத் தெரியும். குகையிலும் இப்படி ஒரு கறுப்பு இருக்கிறது. அந்த விண்ணவர்களின் மேனி வரைந்த நாளில் இளஞ்சிவப்பாக இருந்திருக்கும். ஈயம் கலந்த வண்ணம் காலப்போக்கில் கறுத்துவிட்டது.

அதனால், தயவுசெய்து இந்தக் கட்டிகளை விபூதி போட்டோ பற்பசை போட்டோ தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்குச் சரி, இதற்கு ஆகாது. அந்தக் கறுப்பு போனால் ஓவியமே போய்விடும். காற்றுப் புகாத உறையில் வைத்தால் போதும்.

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளி விலைக்கு மேல் நீங்கள் கொடுப்பது ஒரு வகையில் செய்கூலி. உருக்கி விற்றால் அது திரும்ப வராது. இன்னொரு சேகரிப்பாளர் விரும்பி வாங்கினால்தான் வரும். முதலீடு மட்டுமே நோக்கம் என்றால் சாதாரணக் கட்டியே மேல்.

கலைக்காக வாங்குவதென்றால் நான் முதலில் கேட்பது, எந்தக் குகை என்று. உறையில் ‘பண்டைய பௌத்தக் கலை’ என்று பொதுவாகப் போட்டுவிட்டுப் போவது எனக்கு வருத்தம் தருகிறது. வரைந்தவர்களில் பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் வரைந்த சுவருக்காவது ஓர் எண் இருக்கிறது. பிபா என்ற சீன நரம்பு வாத்தியத்தை முதுகுக்குப் பின்னால் பிடித்து வாசித்தபடி ஆடும் பெண்ணின் உருவம் வந்தால், அது 112ஆம் குகை என்று ஒரு வரி போடுவதில் என்ன சிரமம்?

2016 முதல், துன்ஹுவாங் ஆய்வு நிறுவனம் 30 குகைகளின் படங்களை இணையத்தில் இலவசமாகவே பார்க்க வைத்திருக்கிறது. வாங்குவதற்கு முன் அங்கே போய் இந்த விண்ணவர்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். நாடா எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணால் தொடர்ந்துவிட்டு, அப்புறம் கடைக்காரர் காட்டும் கட்டியைக் கையில் வாங்குங்கள்.