சக்கரப் பட்டறை பெற்ற பந்தயக் குழு

(பெங்களூரு அல்சூரில் நடந்த மாதாந்திரத் தமிழ்க் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும் தோழர்களுக்கும் வணக்கம். இந்த மாதக் கூட்டத்துக்குத் தலைப்புக் கேட்டு நிர்வாகிகள் அழைத்தபோது, கார் பந்தயத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். சங்கப் பாடலும் கம்பனும் கேட்டுப் பழகிய செவிகளுக்கு இது வெறும் இரைச்சலாகப் படுமோ என்று அவர்கள் தயங்கினார்கள், நானும் தயங்கினேன். ஆனால் இந்த மண்டபத்தில் பாதிப் பேர் எச்.ஏ.எல்., எச்.எம்.டி., பி.இ.எல். என்று ஏதேனும் ஒரு தொழிற்சாலையின் சங்கொலிக்கு வாழ்ந்தவர்கள். நான் பீன்யா தொழிற்பேட்டையில் அலுமினிய வார்ப்படப் பட்டறை ஒன்றில் முப்பதாண்டு இருந்தவன். ஆகவே ஓட்டுநர்களின் வீரத்தைச் சொல்வதைவிட, ஒரு பட்டறையிலிருந்து பந்தயக் குழு எப்படி எழுந்தது, எதைக் கொண்டு வளர்ந்தது, எப்படி நின்றது என்று சொன்னால் நமக்கு நன்றாக விளங்கும் என்று தோன்றியது. இங்கிலாந்தின் டீம் டைனமிக்ஸ் என்னும் குழுவே இன்றைய பொருள்.

கார் பந்தயம் என்றவுடன் பலருக்கும் ஃபார்முலா ஒன் கார்தான் கண்ணில் நிற்கும். கூரை இல்லாமல், சக்கரங்கள் வெளியே தெரிய, தரையோடு ஒட்டிக்கொண்டு பறக்கும் கார் அது. டூரிங் கார் பந்தயம் வேறு. அதில் ஓடுவது நம் வீட்டு வாசலில் நிற்கும் காரின் உருவம். உள்ளே இருக்கையைப் பிடுங்கி, இரும்புக் குழாய்க் கூண்டு பற்றவைத்து, இன்ஜினையும் சஸ்பென்ஷனையும் மாற்றியிருப்பார்கள். ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவன் ‘இது என் மாமாவின் கார்’ என்று அடையாளம் சொல்ல முடியும். பிரிட்டனில் இந்தப் பந்தயத் தொடர் 1958இல் தொடங்கியது; பிரிட்டிஷ் டூரிங் கார் சாம்பியன்ஷிப் என்ற இன்றைய பெயர் 1987இல் வந்தது. கார்கள் ஒன்றை ஒன்று உரசுவதும் இடிப்பதும் அங்கே சாதாரணம். சிவாஜி நகர் பேருந்து நிலையத்தின் மாலை நேரத்தைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

டீம் டைனமிக்ஸைத் தொடங்கியவர்கள் இருவர்: ஸ்டீவ் நீல், ரே பெல்ம். ஆண்டு 1991. ஸ்டீவ் நீல் 1960களில் மினி கூப்பர் கார்களில் பந்தயம் ஓட்டியவர். பிறகு பர்மிங்காமை அடுத்த வெஸ்ட் பிராம்விச்சில் ரிம்ஸ்டாக் என்ற பெயரில் அலாய் சக்கரங்கள் செய்யும் நிறுவனத்தை நடத்தினார். அந்த வட்டாரம் இரும்படிப்பவர்களும் வார்ப்படக்காரர்களும் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்த இடம். நம் ஊர்க் கணக்கில் பீன்யாவையும் கோவையையும் சேர்த்துப் பிசைந்தால் கிடைக்கும் ஊர் என்று வைத்துக்கொள்ளலாம். குழுவின் பெயரிலேயே சக்கரங்களும் விற்பனைக்கு வந்தன. வார இறுதியில் பந்தயத் திடலில் சுழன்ற பெயர், திங்கட்கிழமை கடைத்தட்டில் இருந்தது.

சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் என் தொழிலுக்குத் துரோகம் செய்தவனாவேன். காரின் எடையில் எங்கே குறைத்தாலும் நன்மைதான் என்றாலும், சக்கரத்தில் குறைத்தால் கிடைக்கும் நன்மை இரட்டிப்பானது. சக்கரம் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிற சுமை. அது கனமாக இருந்தால் மேடு பள்ளத்தில் எகிறி, டயர் தரையை விட்டு விலகும். மேலும் அது சுழலும் சுமை. வேகம் பிடிக்கும்போது அதைச் சுழற்றவும், பிரேக் போடும்போது சுழற்சியை நிறுத்தவும் தனியாக ஆற்றல் செலவாகிறது. ஆனால் எடையைக் குறைக்கிறேன் என்று ஆரங்களை மெலிதாக்கினால், நடைபாதை விளிம்பு போன்ற திடலோரக் கட்டையில் ஏறி இறங்கும்போது விரிசல் விடும். இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதைத் தன் மகனையே காரில் உட்காரவைத்துச் சோதிக்கும் உற்பத்தியாளர் எத்தனை பேர் இருப்பார்கள்? ஸ்டீவின் மகன் மாட் நீல்தான் குழுவின் முதன்மை ஓட்டுநர். ஆறரை அடி உயரம். அந்த உயரத்தை ஒரு காருக்குள் மடித்து வைப்பதே ஒரு பொறியியல் பிரச்சினையாக இருந்திருக்க வேண்டும்.

பட்டறையிலிருந்து பந்தயம் பிறப்பது நமக்கும் புதிதன்று. கோவையின் லட்சுமி மில் குடும்பத்தில் பிறந்த கரிவரதன், மாருதி இன்ஜினைப் பின்னால் பொருத்தி ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைக் கட்டினார். கையில் பெரும்பணம் இல்லாத இளைஞர்களும் அதில் ஓட்டப் பழகினார்கள். 1995இல் சிறு விமான விபத்தில் அவர் மறைந்தார். 2003இல் செட்டிப்பாளையத்தில் எழுந்த பந்தயத் திடல் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. நம் பெங்களூரிலும் உண்டு. 2021இல் ஜெர்மனியின் டிடிஎம் தொடரில் ஒரு தனியார் குழுவுக்காக ஓட்டிய அர்ஜுன் மைனி, உதிரிபாகம் செய்யும் தொழிற்குடும்பத்துப் பிள்ளை. மில்லோ பட்டறையோ பின்னால் நின்றால்தான் இந்த வேட்கை சில ஆண்டுகளாவது தாக்குப்பிடிக்கிறது.

இனி டீம் டைனமிக்ஸின் கணக்கு வழக்குக்கு வருவோம். அவர்கள் களமிறங்கிய 1990களில் பிரிட்டிஷ் தொடர் இரண்டு லிட்டர் இன்ஜின் விதிக்கு மாறியிருந்தது. கார் கம்பெனிகளுக்கு அது விளம்பரத் தங்கச் சுரங்கமாகத் தெரிந்தது. ரெனோ காரை ஃபார்முலா ஒன் புகழ் வில்லியம்ஸ் நிறுவனமே கட்டி ஓட்டியது. வோல்வோ, நிஸான், ஃபோர்டு, ஹோண்டா, வாக்ஸ்ஹால் எல்லாம் தங்கள் பணத்தைக் கொட்டின. அவற்றுக்கு நடுவே, முதலில் பிஎம்டபிள்யூவும் பின்னர் ஃபோர்டு மான்டியோவும் அதன் பின் நிஸான் பிரிமேராவும் வைத்துக்கொண்டு ஒரு சக்கர வியாபாரி ஓட்டினார் என்றால், அவர் வெல்லப் போவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதனால்தான் தனியார் குழுக்களுக்கென்று தனிக் கோப்பை வைத்தார்கள். மாட் நீல் அதை 1993, 1995, 1999, 2000 ஆகிய ஆண்டுகளில் வென்றார். ஆனாலும் மூன்றாம் பந்தியில் முதல் இலை கிடைத்த பெருமைதான் அது.

அமைப்பாளர்கள் ஒரு பந்தயம் கட்டினார்கள். தனியார் பிரிவு ஓட்டுநர் எவராவது கம்பெனி அணிகளையெல்லாம் முந்தி ஒரு பந்தயத்தை முழுதாக வென்றால் இரண்டரை லட்சம் பவுண்டு பரிசு என்றார்கள். கொடுக்க நேராது என்ற துணிவில்தான் அவ்வளவு பெரிய தொகையைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். 1999ஆம் ஆண்டுப் பருவத்தின் முதல் கூட்டத்தில், டோனிங்டன் பார்க் திடலில், மாட் நீல் பிரிமேராவில் வென்றார். காசோலை எழுதப்பட்டது. அதே ஆண்டு சாம்பியன் பட்டத்தையும் ஒரு நிஸான் பிரிமேராவே பெற்றது. ஆனால் அது கம்பெனியின் அணி, ஓட்டியவர் லோரான் ஐயெல்லோ. இரண்டு பிரிமேராக்களுக்கும் பெயர் ஒன்று, பின்னால் நின்ற பணப்பை வேறு.

அடுத்த ஆண்டே அந்தப் பணப்பைகள் மூடிக்கொண்டன. செலவு கைமீறிப் போய், 2000ஆம் ஆண்டு முடிவில் மூன்று கம்பெனிகளே களத்தில் மிஞ்சியிருந்தன. விதிகளை மாற்றி, செலவைக் குறைத்து, தொடரை ஏறக்குறைய புதிதாகவே தொடங்க வேண்டியதாயிற்று. இந்த இடத்தில்தான் டீம் டைனமிக்ஸின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. ஹோண்டா சிவிக் காரை ஓட்டிப் பழகிய குழு, 2005ஆம் ஆண்டுக்கு ஹோண்டா இன்டெக்ரா காரைத் தேர்ந்தெடுத்துத் தன் பட்டறையிலேயே பந்தயக் காராகக் கட்டியது. அந்தத் தலைமுறை இன்டெக்ராவை ஹோண்டா பிரிட்டனில் அதிகாரபூர்வமாக விற்கவே இல்லை. ஷோரூமில் இல்லாத காருக்கு எந்தக் கம்பெனி பந்தயச் செலவு செய்யும்? செய்யாது. ஆனால் குழுவுக்கு ஷோரூமைப் பற்றி என்ன கவலை? சிவிக்கில் கைவந்த அதே இன்ஜின் குடும்பம். உடலோ சிவிக்கைவிடத் தாழ்ந்த, இரண்டு கதவுள்ள கூபே, காற்றைக் கிழிக்க ஏற்றது. பணம் குறைவாக இருந்தவர்களிடம் ஒரு சொத்து இருந்தது. விற்பனைப் பிரிவைக் கேட்காமல் காரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அது.

அந்த ஆண்டு மாட் நீல், வாக்ஸ்ஹால் அணியின் இவான் முல்லரைப் பின்தள்ளி ஒட்டுமொத்தப் பட்டத்தை வென்றார்; தனிக் கோப்பைப் பிரிவில் பதிவான ஒருவர் அவ்வாறு வென்றது அதுவே முதல் முறை. குழுவின் இன்னொரு ஓட்டுநர் டான் ஈவ்ஸ், தரக்ஸ்டன் திடலில் ஒரே நாளின் மூன்று பந்தயங்களையும் வென்றார். 2006இல் சியட் அணியின் ஜேசன் பிளாட்டோ துரத்தியும் பட்டம் மறுபடி மாட் நீலிடமே வந்தது. வென்றவர்களின் காரில் அடுத்த பந்தயத்துக்குக் கூடுதல் எடை ஏற்றும் விதி உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். முன்னால் ஓடுகிறவனின் முதுகில் மூட்டை கட்டுகிற அந்த விதியோடுதான் இரண்டு ஆண்டும் வென்றார்கள்.

வெற்றி கண்ட வீட்டுக்கு வரன் வருவது வழக்கம். 2010இல் டீம் டைனமிக்ஸ் ஹோண்டாவின் அதிகாரபூர்வ அணியாயிற்று. இங்கே நான் நேர்மையாகக் கணக்குச் சொல்ல வேண்டும். தனியாக நின்ற காலத்தில் இரண்டு பட்டம். ஹோண்டாவின் கைகோத்த பிறகு நான்கு. 2011இல் மாட் நீல், 2012, 2015, 2016 ஆகிய ஆண்டுகளில் கோர்டன் ஷெடன். தனித்து நிற்பதே மேல் என்று இந்தக் கதையை வைத்து மேடையில் முழங்க விரும்புகிறவர்களுக்கு இந்த எண்கள் இடைஞ்சல்.

ஆனால் 2014ஐப் பாருங்கள். அந்த ஆண்டு குழு ஓட்டியது சிவிக் டூரர், அதாவது பின்புறம் சாமான் ஏற்றும் நீண்ட எஸ்டேட் கார். பந்தயக்காரன் தானாகத் தேர்ந்தெடுக்கும் கார் அன்று; விற்க வேண்டியிருந்தவர்களின் கார். 1994இல் வோல்வோவும் அதே தொடரில் எஸ்டேட் காரை ஓட்டி ஊரைத் திரும்பிப் பார்க்கவைத்தது. அதுவும் கம்பெனியின் விருப்பமே. ஷெடன் டூரரிலும் சில பந்தயங்களை வென்றார், பட்டம் மட்டும் கிட்டவில்லை. 2015இல் எஸ்டேட்டை விட்டு சிவிக் டைப் ஆர் காருக்கு வந்ததும் பட்டமும் வந்தது. அதற்கு முன் 2013இல் இன்னொரு வேடிக்கை. ஆண்ட்ரூ ஜோர்டன் என்ற இளைஞர், தன் தந்தை நடத்திய தனியார் குழுவுக்காக, அதே சிவிக் வகைக் காரில், இந்த ஹோண்டா அணியையே தோற்கடித்துச் சாம்பியனானார். எட்டு ஆண்டுக்கு முன் நீல் குடும்பம் மற்றவர்களுக்குச் செய்ததை, இன்னொரு தந்தையும் மகனும் அவர்களுக்குச் செய்தார்கள்.

அதைச் சாத்தியமாக்கியதில் 2011இல் அறிமுகமான புதிய விதிகளுக்கும் பங்குண்டு. கியர்பாக்ஸ், பிரேக், சஸ்பென்ஷன் தாங்கும் சட்டகங்கள் போன்றவற்றை எல்லாரும் ஒரே இடத்தில் ஒரே விலைக்கு வாங்க வேண்டும் என்பது ஏற்பாடு. இன்ஜின் கட்ட முடியாதவர்களுக்குப் பொதுவான இன்ஜினும் வாடகைக்குக் கிடைத்தது. சிறு குழுவுக்கு இது வாழ்வளித்தது என்பது உண்மை. கூடவே, ஷோரூமில் இல்லாத காரை எடுத்து இரவெல்லாம் கட்டி ஊரை வியக்கவைக்கும் இடம் சுருங்கிற்று என்பதும் உண்மை. பட்டறைக்காரனாகிய எனக்கு அதில் சிறு வருத்தம்.

2019ஆம் ஆண்டின் கடைசிக் கூட்டம் பிராண்ட்ஸ் ஹாட்ச் திடலில் நடந்தது. அணியின் டான் கேமிஷ், பருவத்தின் இறுதிப் பந்தயத்தில் சில சுற்றுகளே மீதமிருந்தபோது பட்டத்தைக் கையில் வைத்திருந்தார். பிரேக் கைவிட்டது. கார் திடலைவிட்டுப் பாய்ந்தது. இரண்டே புள்ளி வித்தியாசத்தில் பட்டம் கோலின் டர்க்கிங்டனுக்குப் போயிற்று. ஆயிரக்கணக்கான உதிரிபாகங்களுள் ஒன்று ஓர் ஆண்டின் உழைப்பைக் கொண்டுபோவதை நம்மில் பலரும் வேறு வகையில் பார்த்திருக்கிறோம்.

2020 முடிவில் ஹோண்டா தன் அதிகாரபூர்வ ஆதரவை நிறுத்திக்கொண்டது. அடுத்த இரண்டு பருவங்கள், 2005இல் தங்களோடு நின்ற ஹால்ஃபோர்ட்ஸ் என்ற கார் சாமான் கடைக்குழுமத்தின் பெயரில் சிவிக் கார்களை ஓட்டினார்கள். மாட் நீல் ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கியிருந்தார். 2023 பருவத்துக்கான கார்கள் வரிசையில் நின்றபோது டீம் டைனமிக்ஸ் அங்கே இல்லை.

ஒரே பெரிய கம்பெனிக்கு மட்டும் உதிரிபாகம் செய்து கொடுத்து, அந்த ஆர்டர் நின்றபின் பட்டறையைத் திரும்பப் பழைய அளவுக்குச் சுருக்க முயன்றவர்கள் இந்த அவையில் நாலைந்து பேராவது இருப்பீர்கள். பத்தாண்டு கழித்து 2005க்குத் திரும்ப முடியுமா, அதற்குள் ஆட்களும் இயந்திரங்களும் கைப்பழக்கமும் எப்படி மாறியிருக்கும் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கேள்வி நேரத்தில் முதலில் உங்கள் பேச்சைத்தான் கேட்க விரும்புகிறேன். வணக்கம்.