திங்குணி படித்து முழு மதிப்பெண் வாங்குவது எப்படி?

(திரையில் இரண்டே வரிகள்)

"மொளுக்கன் நேற்று குவ்வாட்டில் மூன்று திங்குணிகளை லொறுக்கினான். ஒரு திங்குணி டொங்கியதால் கிஞ்சளித்தபடி ஓடிவிட்டான்."

வணக்கம்! வீடியோவை நிறுத்தாமல் சட்டென்று பதில் சொல்லுங்கள். மொளுக்கன் எத்தனை திங்குணிகளை லொறுக்கினான்? மூன்று. எங்கே? குவ்வாட்டில். ஏன் ஓடினான்? ஒரு திங்குணி டொங்கியதால். சபாஷ், முழு மதிப்பெண்!

சரி, திங்குணி என்பது பூச்சியா, பலகாரமா, பாத்திரமா? நேற்று ராத்திரி டீ குடித்துக்கொண்டே நான் கட்டிவிட்ட வார்த்தை அது. 'எங்கே' என்றால் 'இல்' ஒட்டிய சொல்லைப் பிடி, 'ஏன்' என்றால் 'ஆல்' ஒட்டியதைப் பிடி. வேற்றுமை உருபே விடையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

'பத்தியைப் படித்து விடையளி' பகுதியில் நாலாவது, அஞ்சாவது பிள்ளைகள் பலர் செய்வதும் இதுதான். கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடு, அந்த வரியை அப்படியே இறக்கு. நானும் அப்படி வாங்கிய மதிப்பெண்ணில் தேறியவன்தான்.

ஏன் குறிப்பாக இந்த வயது? அதுவரை படிக்கக் கற்றவர்கள், இனி படித்துத்தான் அறிவியலையும் சமூக அறிவியலையும் கற்க வேண்டும். அவ்வளவுதான், பின்னணி முடிந்தது.

இப்போது எனக்குப் பிடித்த ஆராய்ச்சிக்கு வருவோம். அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1988-ல் வெளியிட்டது. ஏழாவது, எட்டாவது படிக்கும் 64 மாணவர்கள். நம் பிள்ளைகளைவிடக் கொஞ்சம் பெரியவர்கள், பரவாயில்லை. அவர்களை நான்கு அணியாகப் பிரித்தார்கள்: நன்றாக வாசிப்பவர்களிலும் திணறுபவர்களிலும், பேஸ்பால் தெரிந்தவர்கள் தனி, தெரியாதவர்கள் தனி. பிறகு ஒரு பேஸ்பால் ஆட்டத்தை விவரிக்கும் பத்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். பக்கத்தில் குட்டி மைதானம், அதில் மரப் பொம்மை ஆட்டக்காரர்கள். படித்ததைப் பொம்மைகளை நகர்த்திக் காட்ட வேண்டும்! எழுத்துத் தேர்வில் ஒளிந்துகொள்ளலாம், பொம்மையிடம் முடியுமா?

யார் ஜெயித்தது? நன்றாக வாசிக்கும், ஆனால் பேஸ்பால் தெரியாத பிள்ளைகளை, வாசிக்கத் திணறும் பேஸ்பால் பைத்தியங்கள் முந்திவிட்டார்கள்.

இதில் ஆச்சரியம் என்ன என்று கிரிக்கெட் பார்க்கிற வீட்டில் கேட்பார்கள். "கடைசி ஓவரில் டீப் மிட்விக்கெட்டை உள்ளே இழுத்துவிட்டு ஷார்ட் பால் போட்டான்" என்ற வரியைப் படித்ததும் என் ஒன்பது வயது மருமகன் தலையில் அடித்துக்கொள்கிறான். தமிழில் எம்.ஏ. முடித்த என் பெரியம்மா, "உள்ளே இழுத்தால் அவனுக்கு வலிக்காதா?" என்கிறார். வாசிப்புத் திறன் யாருக்கு அதிகம், சொல்லுங்கள்.

அதனால் 'மையக்கருத்தைக் கண்டுபிடி' பயிற்சித்தாளை மட்டும் அடுக்கிக்கொண்டே போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பத்தியில் வரும் உலகம் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். பாடத்தில் உப்பளம் வந்தால், முதலில் ஒரு தட்டில் உப்புத் தண்ணீரை வெயிலில் வையுங்கள்.

அப்புறம் கேள்வியை மாற்றுங்கள். இதைப் பாருங்கள்.

"வாசலில் செருப்பைக்கூட உதறாமல் மாலா மாடிக்கு ஓடினாள். கொடியில் ஒரு துணியும் இல்லை. வடகத் தட்டை இடுப்பில் வைத்தபடி அம்மா எதிரே இறங்கி வந்தாள்."

மாலா ஏன் ஓடினாள்? மழை வரப்போகிறது. ஆனால் மழை என்ற சொல்லே மூன்று வரியிலும் கிடையாது, 'ஆல்' ஒட்டிய சொல்லும் இல்லை. திருட வழியே இல்லாத கேள்வி! வடகம் நனைந்தால் வீணாகிவிடும் என்று தெரிந்த பிள்ளை உடனே சொல்லும். பாக்கெட் வடகம் மட்டுமே பார்த்த பிள்ளை விழிக்கும். அதற்கு மறுபடி வாசிக்கச் சொல்வதைவிட, ஒருநாள் வடகம் பிழிய உட்கார வைப்பது மேல்.

பதில் சொன்னதும் விட்டுவிடாதீர்கள். "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். முதலில் நீங்களே யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக் காட்டுங்கள்: "துணி இல்லையே... யாரோ எடுத்துவிட்டார்கள்... ஓ, தட்டும் கீழே வருகிறது!" கேட்பவர்களுக்குக் கொஞ்சம் லூசு மாதிரி தெரியும். தெரியட்டும்.

சொல்லிக்கொடுப்பதும் கேள்வி கேட்பதும் வேறு வேறு. டோலோரஸ் டர்கின் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் நாலாம் வகுப்பு வாசிப்புப் பாடவேளைகளில் 4,469 நிமிடம் உட்கார்ந்து கவனித்தார். எப்படிப் புரிந்துகொள்வது என்று சொல்லிக்கொடுத்த நேரம் வெறும் 20 நிமிடம். கேள்வி கேட்டார்கள், விடை திருத்தினார்கள், பயிற்சித்தாள் கொடுத்தார்கள். நம்ம ஊர் வகுப்பில் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்தால் எவ்வளவு வரும்? டீச்சர்கள் கமெண்டில் உண்மையைச் சொல்லுங்கள், பெயர் மாற்றிக்கொண்டு வந்தாலும் சரி.

இன்றிரவு உங்கள் பிள்ளையிடம் மாலா கதையைப் படிக்கக் கொடுத்து, வந்த பதிலையும் எழுதுங்கள். மொளுக்கனுக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்காதீர்கள், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறான்.