மல்லி மூட்டையும் மிளகாய் மூட்டையும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். மனித நூலகம் பற்றிக் கதைக்க எனக்கு 12 நிமிடம் தந்திருக்கிறார்கள். 31 வருடம் நூலகத்தில் இருந்து, 'கதைக்காதீர்கள், கதைக்காதீர்கள்' என்று அடுத்தவரை அடக்கியே ஓய்வு பெற்றவள் நான். அப்படிப்பட்டவளைக் கூப்பிட்டுக் கதைக்கச் சொன்னால் 12 நிமிடம் எந்த மூலைக்குக் காணும்? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் தம்பி இப்போதே கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி, தொடங்குகிறேன்.

காலி வீதியில் 101 பஸ்ஸில் போயிருப்பீர்கள். மொரட்டுவையில் ஏறினால் புறக்கோட்டை வரைக்கும். தெஹிவளைக்குக் கிட்ட வரும்போது பஸ் அசையாமல் நின்றுவிடும். பக்கத்தில் இருக்கிற அம்மா மெல்லத் தொடங்குவார். மகளின் பிரசவம், மருமகனுக்கு வெளிநாட்டில் வேலை போனது, தனக்குக் கண்ணில் செய்த ஒப்பரேஷன். நீங்கள் வெள்ளவத்தையில் இறங்கும்போது அவருடைய முழுக் குடும்பத்தையும் உங்களுக்குத் தெரியும். அவருடைய பெயர் மட்டும் தெரியாது. இனி ஒருநாளும் அவரைக் காணவும் மாட்டீர்கள்.

மனித நூலகம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் இந்த பஸ்ஸைத்தான் சொல்வேன். ஒரு வித்தியாசம், பஸ்ஸில் பக்கத்தில் யார் வந்து இருப்பார் என்பது உங்கள் கையில் இல்லை. இங்கே நீங்களே தெரிவு செய்யலாம். ஒரு மண்டபம், சில மேசைகள், ஒவ்வொரு மேசைக்கும் இரண்டு கதிரைகள். வாசலில் ஒரு பட்டியல். பட்டியலில் இருப்பவை தலைப்புகள், ஆனால் அந்தத் தலைப்புகளுக்குரிய நூல்கள் மனிதர்கள். நீங்கள் ஒரு நூலைக் கேட்டு வாங்குகிறீர்கள், அரை மணி நேரம் அவரோடு இருந்து கதைக்கிறீர்கள், திருப்பிக் கொடுக்கிறீர்கள். நூல் வெளியே போயிருந்தால் காத்திருக்க வேண்டும். நூல் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். என்னுடைய பழைய நூலகத்தில் எந்த நூலும் தேத்தண்ணி கேட்டதில்லை.

இது டென்மார்க்கில் தொடங்கியது. 1993-இல் கொப்பன்ஹேகனில் ஓர் இளைஞர் கத்திக் குத்துக்கு ஆளானார். உயிர் தப்பிவிட்டார். அவருடைய நண்பர்கள் வன்முறையை நிறுத்து என்று ஓர் இளைஞர் இயக்கம் தொடங்கினார்கள். அவர்களில் ரொனி அபர்கேலும் அவருடைய சகோதரரும் இன்னும் சிலரும் சேர்ந்து, 2000-ஆம் ஆண்டு ரொஸ்கில்டே இசைவிழாவில் முதல் மனித நூலகத்தை வைத்தார்கள். நான்கு நாட்கள், நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், ஐம்பதுக்கு மேற்பட்ட தலைப்புகள். பாட்டுக் கேட்க வந்த சனம் இதற்கு வருமா என்று அவர்களுக்கே பயம் இருந்திருக்கும். ஆயிரத்துக்கு மேல் வாசகர்கள் வந்தார்கள். அங்கே பொலிஸ்காரர் ஒருவரும் சுவரில் படம் கீறுகிற பெடியன் ஒருவனும் எதிரெதிரே இருந்து கதைத்தார்களாம். நினைத்துப் பாருங்கள், வழக்கமாக ஒருவர் துரத்த மற்றவர் ஓடுவார். இன்று 80-க்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது.

வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கைக்குள் நாங்கள் சிலர் சேர்ந்து செய்தது மிகச் சிறியது. அந்த அமைப்பின் கிளை அல்ல, அவர்கள் வழியைப் பார்த்து நாங்கள் செய்து பார்த்தது. ஒன்பது நூல்கள். அதில் ஒன்றைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

புறக்கோட்டையில் நாட்டாமிமார் என்று சொல்வோமே, மூட்டை சுமக்கிறவர்கள். நான்காம் குறுக்குத் தெருவில் நடந்தால் 'ஓரம், ஓரம்' என்று பின்னால் ஒரு குரல் வரும். நாங்கள் ஒதுங்குவோம், மூட்டை ஒன்று எங்களைக் கடந்து போகும். மூட்டைக்குக் கீழே ஒரு மனிதர் இருக்கிறார் என்பது பாதி நேரம் கண்ணில் படாது. அப்படி 40 வருடம் சுமந்தவர் ஒருவர் எங்களுக்கு நூலாக வரச் சம்மதித்தார். ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து 16 வயதில் கொழும்புக்கு வந்தவர்.

பட்டியலில் இவரை எங்கே போடுவது என்று எனக்குப் பெரிய குழப்பம். பழக்கதோஷம் பாருங்கள், நூலகத்தில் நூல்களைப் பொருள்வாரியாக எண் போட்டுப் பிரிக்கிற டூயி தசாம்சப் பகுப்பை மனதில் புரட்டுகிறேன். 331 தொழிலாளர். 380 வர்த்தகமும் போக்குவரத்தும். 920 வாழ்க்கை வரலாறு. அவரிடமே கேட்டேன். 'எங்கயாச்சும் இறக்கி வச்சா சரி மிஸ்' என்றார்.

முதல் வாசகர் உயர்தரத்தில் வர்த்தகம் படிக்கிற பெடியன். அம்மா அனுப்பி வந்தவன், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஒரு நாளைக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டான். அவர் சொன்னார். இடுப்பு வலிக்காதா என்று கேட்டான். வலிக்கும் என்றார். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. இருவரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நான் பக்கத்தில் நிற்கிறேன், குறுக்கிடக் கூடாது என்பது நாங்களே போட்ட விதி. கை துருதுருக்கிறது.

அப்போது பெடியன் கேட்டான், 'ஐயா, முதன்முதல் தூக்கின மூட்டை ஞாபகம் இருக்கா?'

அந்தக் கேள்வி எங்கிருந்து அவனுக்கு வந்ததோ தெரியாது. நாட்டாமி ஐயா கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார். முதல் மூட்டை மல்லி. கொத்தமல்லி, சீனி மூட்டையைப் போல் பாரம் இல்லை, அதனால்தான் புதுப் பையனுக்குக் கொடுத்தார்கள். ஆனால் சீனி தலையில் ஏறினால் சொன்ன இடத்தில் இருக்கும். மல்லி உள்ளுக்குள் உருளும், நாம் வலது பக்கம் சரிந்தால் அதுவும் வலது பக்கம் ஓடும். மூட்டையைத் தலையில் ஏற்ற ஓர் ஆள் வேண்டும், இறக்கவும் ஓர் ஆள் வேண்டும், நடுவழியில் இறக்க வழியே இல்லை. மழை பெய்த தெரு. வாழைத்தோல். அப்புறம் என்ன, நான்காம் குறுக்குத் தெரு முழுக்க மல்லி. கடைக்காரர் அடிக்கவில்லையாம், ஒரு தும்புத்தடியைக் கையில் கொடுத்தாராம். இரவு எட்டு மணி வரைக்கும் கூட்டினாராம். இன்றைக்கும் தடிமன் வந்து வீட்டில் மல்லி அவித்துக் கொடுத்தால் குடிக்க மாட்டாராம், அந்த வாசம் வந்தால் முழங்கால் எரியுமாம்.

அரை மணி முடிந்து நான் மணி அடித்தேன். பெடியன் எழும்பவில்லை.

இப்போது கதையின் இரண்டாம் பாகம். அடுப்பில் ஏதாவது இருந்தால் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

அடுத்து வந்தவர் ஓய்வு பெற்ற கணக்காளர் ஒருவர். பெடியன் வெளியே நின்று அவருக்கும் சொல்லியிருப்பான் போல, அவரும் அதே கேள்வியைக் கேட்டார். முதல் மூட்டை எது? நாட்டாமி ஐயா நிதானமாகச் சொன்னார், 'செத்தல் மிளகாய்ங்க.'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மிளகாயாம், சாக்கில் ஓட்டையாம், வியர்வையோடு தூள் கண்ணுக்குள் இறங்கியதாம், கண் தெரியாமல் விழுந்தாராம். விழுந்த இடத்தில் அழுதாராம். மிளகாய்தான் காரணம் என்று எல்லோரும் நினைத்தார்களாம். கணக்காளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பழைய ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் பாடபேதம் என்பார்கள். ஒரு சுவடியில் ஒரு சொல், இன்னொரு சுவடியில் வேறு சொல். எது மூலம்? எனக்கு அன்று முழுக்க இதே நினைப்பு. மல்லியா, மிளகாயா? பின்னேரம் கதிரைகளை அடுக்கும்போது கேட்டேவிட்டேன்.

'ரெண்டும்தான் மிஸ். காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. எது மொதல்லனு இப்ப யாரு சொல்றது? தம்பி சின்னப் புள்ள. அழுததையெல்லாம் அவன்கிட்ட சொல்லலாமா?'

என்னுடைய 31 வருடத்தில் எந்த நூலும் வாசகரின் வயதைப் பார்த்துப் பக்கத்தை மாற்றியதில்லை. ரங்கநாதன் என்று ஒருவர், சீர்காழிக்காரர், கணிதம் கற்பித்துவிட்டு 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனவர். 1931-இல் நூலக இயலுக்கு ஐந்து விதிகள் எழுதினார், எங்கள் தொழிலில் அதை மனப்பாடம் செய்யாதவர் இல்லை. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பவை அதில் இரண்டு. இவற்றில் பின்னதை நான் எத்தனையோ பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அன்றுதான் அது விளங்கியது. நாட்டாமி ஐயாவின் மிளகாய் மூட்டைக்கு அந்தக் கணக்காளர் வர வேண்டியிருந்தது.

நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அது மனித நூலகத்துக்குச் சரிவராது. வானொலிக்குச் சரிவரும், தயாரிப்பாளர் தம்பி தலையாட்டுகிறார்.

எல்லாம் கேள்வியில்தான் இருக்கிறது என்று நான் சொன்னால், கேள்வி கேட்பதில் நாங்கள் என்ன குறைவா என்பீர்கள். நாங்கள் கேட்கிற முதல் கேள்வி என்ன? 'நீங்கள் எவடம்?' கலியாண வீட்டில், டிஸ்பென்சரியில், கோயில் வாசலில், எங்கேயும் அதுதான். வெள்ளவத்தை என்று பதில் சொன்னால் விடமாட்டோம். 'அது சரி, ஊரில் எவடம்?' ஊரைச் சொன்னால் ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி, எந்தப் பள்ளிக்கூடம். ஏன் இவ்வளவு துருவுகிறோம் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அந்தக் கேள்விக்குப் பின்னால், வாய் திறந்து கேட்க வெட்கப்படுகிற இன்னொரு கேள்வி இருக்கிறது. பதில் கிடைத்ததும் நாங்கள் அவரை ஒரு தட்டில் வைத்துவிடுகிறோம். தட்டில் வைத்த நூலை யார் திறந்து பார்க்கிறார்கள்?

யுத்த காலத்தில் இதே கேள்வியை வேறு ஆட்கள் எங்களிடம் கேட்டார்கள். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைப் பிறந்த இடம் வரைக்கும் படித்துவிட்டு, எங்கிருந்து வந்தாய், ஏன் வந்தாய், எவ்வளவு நாள் நிற்பாய் என்று கேட்டார்கள். லொட்ஜில் தங்கினால் பொலிஸில் பதிய வேண்டும். அந்தக் கேள்வி எப்படிக் குத்தும் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே அதை எங்கள் ஆட்களிடம் கேட்கிறோம். நாட்டாமி ஐயாவிடமும் ஒருவர் கேட்டார், எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு என்று. ஐயா சொன்னார். அந்த வாசகர் 'ஆ, சரி சரி' என்று சொல்லி, பத்து நிமிடத்தில் நூலைத் திருப்பித் தந்துவிட்டார். படித்து முடித்துவிட்டாராம்.

அதற்காக, துன்பத்தைத் தோண்டியெடுக்கிற கேள்விதான் நல்ல கேள்வி என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளையைத் தொலைத்த தாய் ஒருவரிடம் நூலாக வரமுடியுமா என்று நான்தான் போய்க் கேட்டேன். இன்றைக்கும் நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. 'தங்கச்சி, எத்தனையோ பேர் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். இனி நான் சொல்ல மாட்டேன். மற்றவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டுமென்றால் வருகிறேன்' என்றார். வந்தார். ஓய்வு பெற்ற பஸ் கொன்டக்டர் ஒருவரை எடுத்துப் படித்தார். மிச்சச் சில்லறையை மறந்து இறங்கிப் போகிறவர்களைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல, இந்த அம்மா சிரித்த சத்தம் அடுத்த மேசை வரைக்கும் கேட்டது. நான் சத்தம் போடாதீர்கள் என்று சொல்லவில்லை.

தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம். உங்கள் ஊர் வாசிகசாலையில் இதை எப்படிச் செய்வது என்று பெரிதாக எழுதி வந்திருக்கிறேன், நான்கு பக்கம். அவ்வளவும் முடியாது. ஓடி ஓடிச் சொல்கிறேன்.

வாசிகசாலைதான் நல்ல இடம், வாங்கு ஏற்கனவே இருக்கிறது, பேப்பர் வாசிக்க வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஐந்து நூல் போதும். தலைப்பை நூலே வைக்கட்டும், நீங்கள் வைக்க வேண்டாம். பிடிக்காத கேள்விக்கு நூல் பதில் சொல்லாமல் இருக்கலாம், இடையில் எழும்பிப் போகவும் செய்யலாம். அதை இரண்டு பக்கமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒலிப்பதிவு வேண்டாம், போட்டோ வேண்டாம், போனைப் பையில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு நாளில் ஒரு நூலை மூன்று தடவைக்கு மேல் கொடுக்காதீர்கள், களைத்துவிடுவார்கள். வந்த வடிவிலேயே நூலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று வாசகரிடம் சொல்லுங்கள், கிழித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. சிங்களத்தில் வாசிக்க வருபவர்களுக்கு மொழிபெயர்க்க ஓர் ஆள் தேவை, அதைப் பற்றித் தனியாகவே ஒரு நாள் கதைக்கலாம்...

ஒரு விரல் காட்டுகிறார். சரி தம்பி. கடைசியாக ஒன்று, நேயர்களே, தேத்தண்ணி. சீனி போட்டதும் போடாததும் என்று இரண்டு கேத்தலாக வையுங்கள், நூல்களுக்கு முதலில் கொடுங்கள். நாங்கள் அன்று வாசகர்களுக்கு முதலில் கொடுத்துவிட்டோம். நாட்டாமி ஐயாவுக்கு மிஞ்சியது மல்லித் தேத்தண்ணி மட்டும்தான். வணக்கம்.