விளையாட்டுத் துவக்கும் கனடாச் சுங்கமும்

வணக்கம் நேயர்களே. வெளிநாட்டுப் பொதிகளை இறக்கிக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன் நான். கோடை தொடங்கும்போது தகப்பன்மார் என்னிடம் அடிக்கடி கேட்கிற ஒரு விஷயம் இருக்கிறது. "தம்பி, மகன் ஹொங்கொங்கிலிருந்து ஏர்சொஃப்ட் துவக்கு எடுப்பிக்கப் போகிறானாம். பிரச்சினை வருமோ?"

வரலாம். எதைப் பார்த்து வாங்குவது என்று தெரிந்தால் பெரும்பாலும் தவிர்க்கவும் முடியும்.

ஏர்சொஃப்ட் துவக்கு 6 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் குண்டைச் சுடும். பார்வைக்கு எம்4, ஏகே போன்ற அசல் போர்த் துவக்குகள் மாதிரியே இருக்கும். போரைக் கண்டு வந்த எங்கள் வயதுக்காரருக்கு அதை வீட்டுக்குள் பார்த்தாலே நெஞ்சு திக்கென்கும். பிள்ளைகளுக்கோ கண்ணுக்குக் கவசம் போட்டு, நண்பர்களோடு காட்டுக்குள் ஓடித் திரிகிற விளையாட்டு. அவர்களைத் திட்டுவதற்கு நான் இங்கே வரவில்லை. சட்டத்தைச் சரியாக விளங்கிக்கொண்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

கனடாக் குற்றவியல் சட்டத்தின் 84ஆம் பிரிவு போலித் துவக்கு என்றால் என்னவென்று சொல்கிறது. உண்மைத் துவக்கைப் போலவே தோன்ற வேண்டும், ஆனால் தான் ஒரு துவக்காக இருக்கக் கூடாது. அப்படியானது தடைசெய்யப்பட்ட சாதனம். சாதாரண ஆட்கள் அதை இறக்குமதி செய்ய முடியாது. அது துவக்கா, போலியா என்பதை எல்லையில் குண்டின் வேகத்தை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். 0.20 கிராம் குண்டு செக்கனுக்கு 366 அடிக்குக் குறைவாகப் போனால் போலி, பறிமுதல்தான். 366க்கு மேல், 500க்குள் போனால் உரிமம் கேட்காத துவக்கு வகைக்குள் வரும், உள்ளே விடுவார்கள். ஆம், சரியாகத்தான் கேட்டீர்கள். வலுக் குறைந்தது மாட்டுப்படும், வலுக் கூடியது வந்து சேரும். பிள்ளைக்கு ஆபத்தில்லாமல் இருக்கட்டும் என்று மெதுவானதைத் தெரிவு செய்கிற தாய் தகப்பன்தான் இதில் அகப்படுகிறார்கள். எனக்கு இது மிகவும் கவலையான விஷயம்.

ஜப்பானை எடுங்கள். அங்கே 2006இல் சட்டத்தைத் திருத்தி, ஏர்சொஃப்டின் சக்தியை ஏறக்குறைய 0.98 ஜூலுக்குள் மட்டுப்படுத்தினார்கள். கணக்குப் போட்டால் செக்கனுக்கு 325 அடி வருகிறது. ஆகவே பெடியள் ஆசைப்படுகிற டோக்கியோ மருயி என்ற ஜப்பான் கம்பனியின் துவக்கு, தொழிற்சாலையில் செய்தபடியே வந்தால், கனடா எல்லையில் போலித் துவக்கு. விற்பனை விபரத்தில் ஸ்பிரிங் எம்100 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அது ஏறக்குறைய செக்கனுக்கு 100 மீற்றர், அதாவது 328 அடி. எம்120 என்றால் 394 அடி. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே துவக்கு. உள்ளே இருக்கிற ஒரு ஸ்பிரிங்தான் உங்கள் பொதியின் தலைவிதி.

அடுத்தது எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் பஃபலோ பக்கம் போய் வாங்கிக்கொண்டு காரில் திரும்புகிறவர்கள். அமெரிக்கச் சட்டப்படி குழல் நுனியில் செம்மஞ்சள் நிறம் இருக்க வேண்டும். அதைக் காட்டி, "இது விளையாட்டுச் சாமான்தானே" என்று பீஸ் பிரிட்ஜ் எல்லைப் பாலத்தில் வாதாடிப் பயனில்லை. நுனியின் நிறத்தை மட்டும் வைத்துக் கனடாவில் விடமாட்டார்கள். உடல் முழுவதும் ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக்காக இருந்தால் கதை வேறு, அது அசலைப் போல இல்லை என்று சொல்ல இடமுண்டு.

இன்னொன்று. சில விற்பனைக்காரர் தாங்களாகவே பொதியில் "பொம்மை, 20 டொலர்" என்று எழுதி அனுப்புவார்கள். வரி மிச்சம் என்று சந்தோஷப்படாதீர்கள். பொய்யான பிரகடனத்துக்கு இங்கே பொருளைப் பெறுகிறவர்தான் பதில் சொல்ல வேண்டிவரும். அதைவிட, தயாரிப்பாளர் தந்த வேக விபரம், உண்மையான விலைச்சிட்டை, மாதிரி இலக்கம் மூன்றும் பெட்டிக்குள் இருந்தால் அதிகாரிக்கு வேலை சுலபம். பொம்மை என்று எழுதிய பெட்டிக்குள் அவை எப்படி இருக்கும்? பற்றரி, காஸ் போத்தல் இரண்டையும் இங்கேயே வாங்குங்கள். காஸ் போத்தலை விமானத் தபாலில் அனுப்பவே முடியாது, லித்தியம் பற்றரிக்கும் கட்டுப்பாடுகள் அதிகம்.

பொதி யாருடைய பெயருக்கு வருகிறது என்பதையும் யோசியுங்கள். மகனுக்குக் கடன் அட்டை இல்லை, அதனால் அப்பாவின் அட்டை, அப்பாவின் பெயர். பறிமுதல் நடந்தால் பதிவும் அப்பாவின் பெயரில்தான். எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் லொறி ஓட்டுகிறார்கள். எல்லையை விரைவாகக் கடக்க உதவும் ஃபாஸ்ட் அட்டையோ நெக்ஸஸ் அட்டையோ வைத்திருப்பவருக்கு ஒரு சுங்கப் பறிமுதல் அந்த அட்டையையே இழக்கச் செய்யலாம். அமெரிக்க ஓட்டத்தை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அது பெரிய அடி.

சட்டம் மாறப் போகிறதா என்றும் கேட்கிறார்கள். 2022இல் வந்த சி-21 என்ற துவக்குக் கட்டுப்பாட்டுச் சட்டமூலத்தில் ஏர்சொஃப்டையும் தடைசெய்கிற பிரிவு இருந்தது. 2023இல் நாடாளுமன்றக் குழு நிலையில் அதை நீக்கிவிட்டார்கள். எனவே நான் சொன்ன 366 அடிக் கணக்குத்தான் நடைமுறையில் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் கனடா எல்லைச் சேவை முகவரகத்தின் டி19-13-2 குறிப்பாணையை வாசியுங்கள், அல்லது பணம் கட்டுவதற்கு முன்னர் அவர்களுக்கே தொலைபேசி எடுத்துக் கேளுங்கள். இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் கனடாவுக்குள் இருக்கும் கடையில் வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் இறக்குமதிச் சிக்கலைக் கடைக்காரர் ஏற்கெனவே பார்த்து முடித்திருப்பார்.

சரி, பொதி ஏற்கெனவே மாட்டுப்பட்டுப் பறிமுதல் கடிதம் வந்துவிட்டது என்று வையுங்கள். அதைக் குப்பையில் போடாதீர்கள். பறிமுதலை எதிர்த்து மனுச் செய்ய 90 நாள் அவகாசம் உண்டு. வேக விபரத்தைத் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, விலைச்சிட்டையையும் சேர்த்து, அந்த 90 நாளுக்குள் அனுப்பிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.