மேட்ச் பார்க்கிறதே போட்டின்னா? பேஸ்பால் ரசிகர்களை உள்ள உட்கார வச்ச ஷோ

வணக்கம் மக்களே! நியூஜெர்சியிலேர்ந்து நான்தான். பின்னாடி கடகடன்னு சத்தம் கேட்டா அது டிஷ்வாஷர், கண்டுக்காதீங்க. பசங்க தூங்கினப்புறம்தான் எனக்கு வீடியோ எடுக்க நேரம் கிடைக்குது.

பிக் பாஸ் ஆரம்பிச்சா போதும், நம்ம ஊர்ல வீட்டுக்கு ஒருத்தர் சொல்லுவாங்க இல்லையா, "என்னை உள்ள விட்டா நூறு நாள் அசால்ட்டா இருந்துட்டு வருவேன்"னு. அதே மாதிரி, "எந்த மேட்சையும் விடாம பார்க்கச் சொல்லுங்க, பார்த்துக் காட்டறேன்"னு சொல்ற ஆளும் இருப்பாங்க. அமெரிக்காவுல மேஜர் லீக் பேஸ்பால் இருக்கே, எம்.எல்.பி.ன்னு சொல்றது, அவங்க 2011ல அப்படிப்பட்ட ஆளுங்களை நிஜமாவே கூப்பிட்டுட்டாங்க. "வாங்க, உட்காருங்க, பாருங்க"ன்னு. அதுக்குப் பேரு எம்.எல்.பி. ஃபேன் கேவ். இன்னைக்கு அதைப் பத்தித்தான் பேசப் போறோம். கூடவே பாஸ்டன்ல நடந்த இன்னொரு ஷோவும் இருக்கு. என்னைக் கேட்டா அதுதான் இதைவிட கெட்டிக்காரத்தனமானது. அதுக்கு அப்புறம் வரேன்.

முதல்ல இடம். நியூயார்க், மன்ஹாட்டன், பிராட்வேயும் நாலாவது தெருவும் சந்திக்கிற முனை. பாட்டு கேசட், சிடி வாங்கித் திரிஞ்ச தலைமுறைக்கு அந்த முனை நல்லாத் தெரியும், டவர் ரெக்கார்ட்ஸ் கடை அங்கதான் இருந்துச்சு. 2006ல கடையை மூடிட்டாங்க. அந்த இடத்தைப் பிடிச்சு, தெருவுல போறவங்க கண்ணாடி வழியா உள்ள எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு பெரிய ஹால் பண்ணி, ஒரு சுவர் நிறைய டிவிங்களை அடுக்கிட்டாங்க. மொத்தம் 15 டிவி.

ஏன் 15? கணக்கு இருக்கு. எம்.எல்.பி.ல 30 அணி. எல்லாரும் ஒரே நாள்ல ஆடினா 15 மேட்ச். மேட்சுக்கு ஒரு டிவி. ஒவ்வொரு அணிக்கும் சீசனுக்கு 162 மேட்ச், அட்டவணைப்படி கூட்டிப் பார்த்தா மொத்தம் 2,430. அந்த சமயத்துல ஒரு மேட்ச் சுமாரா மூணு மணி நேரம் ஓடும். அப்போ 15 மேட்சும் நடக்கிற நாள்ல, அந்த சுவத்துல 45 மணி நேர ஆட்டம் ஓடுது. நாளைக்கு இருக்கிறதே 24 மணி நேரம்தாங்க! அதனால "எல்லா மேட்சையும் பார்த்தாங்க"ன்னா, பக்கத்துப் பக்கத்து டிவியில ஒரே நேரத்துல ஓடறதை கண்ணை உருட்டி உருட்டிப் பார்த்தாங்கன்னு அர்த்தம். ஐபிஎல்லே ரெண்டு மேட்ச் இருக்கிற ஞாயித்துக்கிழமை நமக்கு ராத்திரி கண்ணு எரியும்.

கிட்டத்தட்ட பத்தாயிரம் பேர் விண்ணப்பிச்சாங்க. அதுலேர்ந்து தேர்வானவங்க மைக் ஓ'ஹாரா, ரயன் வாக்னர்னு ரெண்டு பேர். ஓ'ஹாரா யாங்கீஸ் ரசிகர். வாக்னர் பால்டிமோர் ஓரியோல்ஸ் ரசிகர். பேஸ்பால் தெரியாதவங்களுக்கு ஒரு வரி: யாங்கீஸ்னா காசும் கோப்பையும் குவிஞ்சு கிடக்கிற நியூயார்க் அணி. ஓரியோல்ஸ் அந்த சமயத்துல வருஷா வருஷம் அடி வாங்கிட்டிருந்த அணி, 1997க்கு அப்புறம் ஒரு சீசன்ல கூட தோல்வியை விட வெற்றி அதிகம்னு முடிச்சதில்லை. ரெண்டும் ஒரே டிவிஷன் வேற, அதாவது முதலிடத்துக்கு ஒரே குழுவுல மோதிக்கிறவங்க. இந்த ரெண்டு ரசிகரையும் ஒரே சோபாவுல ஆறு மாசம் உட்கார வச்சா எப்படி இருக்கும்!

இப்ப 2011 செப்டம்பர் 28. சீசனோட கடைசி ராத்திரி. இந்த ஒரு ராத்திரிக்காகவே அந்த 15 டிவி சுவரைக் கட்டினது சரின்னு நான் சொல்லுவேன். கொஞ்சம் மெதுவாச் சொல்றேன், கேளுங்க.

எம்.எல்.பி.ல அமெரிக்கன், நேஷனல்னு ரெண்டு லீக். அப்போ ஒவ்வொரு லீக்லயும் பிளேஆஃப்ல ஒரே ஒரு வைல்ட் கார்டு இடம், அதாவது டிவிஷன் ஜெயிக்காத அணிகள்ல சிறந்த ஒண்ணுக்குக் கிடைக்கிற இடம். அமெரிக்கன் லீக்ல அந்த இடத்துக்கு பாஸ்டன் ரெட் சாக்ஸும் டாம்பா பே ரேஸும் சமமா நிக்கிறாங்க. நேஷனல் லீக்ல அட்லான்டா பிரேவ்ஸும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸும் சமமா நிக்கிறாங்க. நாலு அணி, நாலு வேற வேற ஊர், நாலு மேட்ச். ரெட் சாக்ஸ் செப்டம்பர் தொடக்கத்துல ஒன்பது மேட்ச் முன்னாடி இருந்தவங்க. அந்த மாசம் 27 மேட்ச்ல 20 தோத்து இந்த நிலைமைக்கு வந்திருக்காங்க.

ரெட் சாக்ஸ் ஆடறது யாரோட? பால்டிமோர்ல, நம்ம வாக்னரோட ஓரியோல்ஸோட. ரேஸ் ஆடறது யாரோட? நம்ம ஓ'ஹாராவோட யாங்கீஸோட! அதாவது யாருக்கு பிளேஆஃப்னு முடிவு பண்ணப் போற ரெண்டு அணியும் இந்த சோபாவுல உட்கார்ந்திருக்கிறவங்க அணி.

யாங்கீஸ் 7-0ன்னு முன்னாடி போயிட்டாங்க. மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ்ல ஏழு முடிஞ்சாச்சு. டாம்பா பேல பாதிக் கூட்டம் கிளம்பிடுச்சு. பால்டிமோர்ல மழை, ஆட்டம் ஒரு மணி நேரத்துக்கும் மேல நிக்குது. ரெட் சாக்ஸ் 3-2 முன்னாடி. அப்படியே முடிஞ்சா ரேஸ் வீட்டுக்கு, பாஸ்டன் உள்ள. எட்டாவது இன்னிங்ஸ்ல ரேஸ் ஆறு ரன் எடுக்கிறாங்க. 7-6. ஒன்பதாவதுல ரெண்டு அவுட், ரெண்டு ஸ்டிரைக். மூணாவது ஸ்டிரைக்னா அவுட், மூணாவது அவுட்னா இன்னிங்ஸ் காலி. இன்னும் ஒரே ஒரு பந்தைத் தவற விட்டா சீசனே முடிஞ்சுது. பேட் பிடிச்சு நிக்கிறது டான் ஜான்சன். அந்த மனுஷனோட அந்த வருஷ சராசரி .108. நம்ம பாஷையில சொல்லணும்னா பதினோராவது ஆளா இறங்கறவரை கடைசி ஓவருக்கு அனுப்பின கதை. அவர் அடிக்கிறார், ஹோம் ரன், நம்ம சிக்ஸர் மாதிரி. 7-7.

மழை நின்னு பால்டிமோர்ல ஆட்டம் மறுபடி ஆரம்பிக்குது. கடைசி இன்னிங்ஸ். பந்து போடறது ஜானதன் பேப்பல்பான், பாஸ்டனோட ஃபினிஷர். ரெண்டு பேர் அவுட், பேஸ்ல, அதாவது ரன் எடுக்க ஓடிப் போய் நிக்கிற இடத்துல, யாரும் இல்லை. இன்னும் ஒரு அவுட் போதும். கிறிஸ் டேவிஸ் ஒரு டபுள், ரெண்டாவது பேஸ் வரைக்கும் போற அடி. நோலன் ரெய்மோல்ட் ஒரு டபுள், ஸ்கோர் சமம். அடுத்து ராபர்ட் ஆண்டினோ இடது பக்கமா ஒண்ணு அடிக்கிறார், கார்ல் க்ராஃபோர்ட் சறுக்கிக்கிட்டு வந்து பிடிக்கப் பார்க்கிறார், கையில நிக்கலை. முடிஞ்சுது. ஓரியோல்ஸ் 4-3. மணி நள்ளிரவு தாண்டியாச்சு. மூணே நிமிஷம்தான். அந்தப் பக்கம் டாம்பா பேல, சமமா நின்னதால நீண்டுக்கிட்டே போன ஆட்டத்தோட பன்னண்டாவது இன்னிங்ஸ்ல எவன் லாங்கோரியா இடது மூலையில ஒரு ஹோம் ரன். ரேஸ் உள்ள, ரெட் சாக்ஸ் வெளிய. இதுக்கு நடுவுல அட்லான்டா 13 இன்னிங்ஸ் ஆடித் தோத்து, கார்டினல்ஸ் உள்ள வந்துட்டாங்க.

இப்ப அந்த சோபாவை யோசிச்சுப் பாருங்க. ஓரியோல்ஸ் ரசிகருக்கு, தன் அணி ஒண்ணுக்கும் உதவாத சீசன்ல கடைசி ராத்திரி பாஸ்டனைக் கவுத்துட்டாங்க. யாங்கீஸ் ரசிகருக்கு இன்னும் விசித்திரம். ஏழு ரன் முன்னாடி இருந்து தோத்திருக்காங்க, ஆனா யாங்கீஸ் ஏற்கெனவே டிவிஷன் ஜெயிச்சாச்சு, அந்தத் தோல்வியால நஷ்டம் பாஸ்டனுக்கு மட்டும்தான். தன் அணி தோத்ததுக்கு எந்த யாங்கீஸ் ரசிகராவது அன்னைக்கு அழுதிருப்பாரா என்ன! ரசிகர்னா இதுதாங்க. மனசுல ஒரு பக்கம் எரியும், இன்னொரு பக்கம் குளிரும்.

வால் பிடிச்சு உள்ள வந்த கார்டினல்ஸ்தான் கடைசியில கோப்பைக்கான இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸும் ஜெயிச்சாங்க. ஆறாவது மேட்ச்ல ரெண்டு தடவை கடைசி ஸ்டிரைக் வரைக்கும் போய்த் தப்பிச்சு, டேவிட் ஃப்ரீஸ் 11வது இன்னிங்ஸ்ல அடிச்ச ஹோம் ரன்னால அதை ஜெயிச்சு, அடுத்து ஏழாவது மேட்சையும் ஜெயிச்சு. அவரே செயின்ட் லூயிஸ் பக்கத்துல கார்டினல்ஸ் ரசிகரா வளர்ந்த பையன்.

சரி, இவ்வளவு நல்லா இருந்ததை அடுத்த வருஷம் என்ன பண்ணாங்க? பிக் பாஸ் ஆக்கினாங்க. 2012ல 22,000 பேருக்கு மேல விண்ணப்பம். வடிகட்டி வடிகட்டி, 30 பேரை அரிசோனாவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அணிங்க சீசனுக்கு முன்னாடி பயிற்சி எடுக்கிற நேரம் அது. அங்க ஒன்பது பேரைத் தேர்ந்தெடுத்து பிராட்வே ஹாலுக்குள்ள விட்டாங்க. சீசன் ஓட ஓட ஒருத்தர் ஒருத்தரா எலிமினேஷன்.

இங்கதான் எனக்கு இடிக்குது. எதை வச்சு வெளிய அனுப்பறது? யார் நல்லா மேட்ச் பார்த்தாங்கன்னு எப்படி அளக்கறது? கண்ணு சிமிட்டாம இருந்தா மார்க்கா? அளக்க முடியாது. அதனால அளக்க முடிஞ்சதை அளந்தாங்க. யார் வீடியோ நல்லா பண்றாங்க, ட்விட்டர்ல யாருக்கு ஆள் சேருது, நியூயார்க் வர்ற வீரர்களோட சேர்ந்து யார் நல்லா காமெடி பண்றாங்க. நியூயார்க்ல யாங்கீஸ், மெட்ஸ்னு ரெண்டு அணி இருக்கிறதால வெளியூர் வீரர்களுக்குப் பஞ்சமில்லை, அவங்க வந்து விளையாட்டா ஏதாவது பண்ணிட்டுப் போவாங்க. வீடியோ ஜாலியாத்தான் இருக்கும், நானே உட்கார்ந்து பார்த்திருக்கேன். ஆனா அது ரசிகருக்கு வச்ச பரீட்சை இல்லை, எங்களை மாதிரி கேமரா முன்னாடி பேசறவங்களுக்கு வச்ச பரீட்சை. வாயே திறக்காம, ஸ்கோர் நோட்டுல ஒவ்வொரு பந்தையும் பென்சில்ல குறிச்சுக்கிட்டு ஒரு மூலையில உட்கார்ந்திருப்பாரு ஒரு பெரியவர், எந்த மைதானத்துக்குப் போனாலும் பார்க்கலாம். அவர் முதல் வாரமே அவுட்.

இன்னொண்ணு. ரசிகரை எங்க வைக்கணும்? மைதானத்துல. இவங்க மைதானத்தை விட்டுப் பிரிச்சு மன்ஹாட்டன் ஹால்ல வச்சாங்க. அதுவும் சொந்த அணியை மட்டும் பார்க்க விடாம முப்பது அணியையும் பார்க்கச் சொன்னாங்க. எம்.எல்.பி.யோட கவலை எனக்குப் புரியாம இல்லை. டிவியில பேஸ்பால் பார்க்கிறவங்களுக்கு வயசு ஏறிட்டே போகுது, இளசுங்களை இழுக்கணும். 2014ல அங்கேர்ந்து எம்டிவி2ல ஒரு நிகழ்ச்சி கூட ஓடுச்சு. ஆனா நாலு சீசன்தான். 2015 பிப்ரவரியில மூடறதா அறிவிச்சுட்டாங்க. எம்.எல்.பி.யோட புது கமிஷனரா, அதாவது தலைமை நிர்வாகியா, ராப் மான்ஃப்ரெட் பதவிக்கு வந்து ஒரு மாசம் கூட ஆகலை.

இப்ப பாஸ்டன் கதை. 2007. நெஸன்னு ஒரு சேனல், ரெட் சாக்ஸ் மேட்ச் வர்ற சேனல். அவங்க ஒரு டேட்டிங் ஷோ பண்ணாங்க, பேரு சாக்ஸ் அப்பீல். ஃபென்வே பார்க் மைதானத்துலயே, மேட்ச் நடக்கும்போதே. ஒரு ரசிகர், இல்ல ரசிகை. அவங்களைப் பார்க்க மூணு பேர். ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு இன்னிங்ஸ். ஏழாவது இன்னிங்ஸ் நடுவுல எல்லாரும் எழுந்து சோம்பல் முறிக்கிற ஒரு இடைவேளை உண்டு, அப்போ மூணு பேர்ல ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கணும். மிச்ச ஆட்டத்தை அவங்க கூட உட்கார்ந்து பார்க்கணும்.

இதுல என்ன அழகு தெரியுமா? அப்போ பேஸ்பால்ல கடிகாரமே இல்லை, பந்து போட நேரக் கணக்கு வந்ததே 2023லதான். ரெண்டு இன்னிங்ஸ்ங்கிறது அரை மணியிலயும் முடியும், ஒரு மணி நேரமும் இழுக்கும். எல்லாம் பந்து போடற பிட்சரைப் பொறுத்தது. பிட்சர் நல்லா போட்டா பேச்சு சூடு பிடிக்கிறதுக்குள்ள ஆள் மாறிடும். அடி வாங்க ஆரம்பிச்சார்னு வைங்க, பிடிக்காத ஆள் பக்கத்துல மாட்டிக்கிட்டு முழிக்கணும், "சீக்கிரம் அவுட் ஆக்குங்கப்பா"ன்னு சாமியைக் கும்பிட்டுக்கிட்டு. சில பேருக்கு அதிர்ஷ்டமே பிட்சர் கையிலதான்.

மைதானமும் சும்மா இல்லை. ஃபென்வே 1912ல திறந்தது. பழைய மரச் சீட்டு, முழங்கால் முன் சீட்டுல இடிக்கும், சில இடத்துல கண்ணுக்கு நேரா ஒரு தூண் நிக்கும். பந்து எங்க போகுதுன்னு பார்க்கணும்னா பக்கத்துல இருக்கிறவங்க தோள் மேல சாயணும்! ஷோவுக்கு செட்டே போட வேண்டாம். பேச்சுக்கு நடுவுல மைதானத்துல ஒரு டபுள் விழுந்தா என்ன பண்றாங்கன்னு பாருங்க. பேச்சை நிறுத்திட்டு எழுந்து நின்னு கத்தினா ரசிகர். "அப்புறம் நீங்க என்ன வேலை பார்க்கறீங்க"ன்னு கேட்டா முடிஞ்சுது. இது நடிச்சு வராது. அதனாலதான் இந்த ஷோ எனக்குப் பிடிக்குது. அந்த வருஷம் ரெட் சாக்ஸ் வேர்ல்ட் சீரிஸும் ஜெயிச்சுட்டாங்க, பாஸ்டன்காரங்களுக்குக் கேட்கணுமா.

ஃபேன் கேவை முழுசா திட்டிட்டேன்னு நினைக்காதீங்க. நம்ம ரயன் வாக்னர் இருக்காரே, 2012லேர்ந்து அவர் பால்டிமோர் கேம்டன் யார்ட்ஸ் மைதானத்தோட அறிவிப்பாளர் ஆயிட்டார். "இப்போது பேட் செய்ய வருபவர்"னு மைக்ல பேர் சொல்லுவாங்களே, அந்த வேலை. பல வருஷம் பார்த்தார். அவர் உட்கார்ந்த முதல் வருஷமே, 14 வருஷம் தோத்துக்கிட்டிருந்த ஓரியோல்ஸ் 93 மேட்ச் ஜெயிச்சு பிளேஆஃப் போனாங்க. ஆண்டினோ, டேவிஸ், ரெய்மோல்ட் பேரையெல்லாம் அவரே மைக்ல கூப்பிட்டிருக்கார். எந்த ஷோவுல பரிசா இதைக் கொடுக்க முடியும் சொல்லுங்க?

சரி மக்களே, மேற்குக் கரையில மெட்ஸ் மேட்ச் இப்பதான் ஆரம்பிக்குது, நான் போறேன். சிஎஸ்கே ரசிகரையும் ஆர்சிபி ரசிகரையும் சேப்பாக்கத்துல பக்கத்துப் பக்கத்துல உட்கார வச்சு ஒரு டேட்டிங் ஷோ எடுத்தா எத்தனை ஓவர் தாங்கும்? அதை மட்டும் கீழே எழுதுங்க.