கோவை டு திப்ருகர்: 3 மணி 47 நிமிடமாம்!

அசாமில் இருக்கும் திப்ருகர் வந்து சேர்ந்துவிட்டேன் மக்களே, ஆனால் ஊரைக் காட்டுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் பேசியே ஆக வேண்டும். கிளம்பும் முன் நெட்டில் தேடினால் கோவையிலிருந்து திப்ருகருக்கு 2,621 கிலோமீட்டர், பயண நேரம் 3 மணி 47 நிமிடம் என்று காட்டியது. அம்மாவும் அதை நம்பி, மத்தியானச் சாப்பாட்டுக்குத் தம்பி வீட்டில் இருப்பேன் என்று அவனுக்குப் போன் செய்து சொல்லிவிட்டார்.

நேரடி பிளைட்டே கிடையாதே! தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்து, ஏற இறங்க அரை மணி நேரம் சேர்த்தால் அதே 3:47 வருகிறது. கணக்கு அவ்வளவுதான்.

நான் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் அதிகாலை மூன்றரைக்குக் காரில் ஏறி, கேரள எல்லையில் வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி கோவை போய், 6:10 பிளைட் பிடித்தேன். பெங்களூரில் 1 மணி 40 நிமிடம், கொல்கத்தாவில் 2 மணி 45 நிமிடம் காத்திருந்து, திப்ருகரின் மோகன்பாரி ஏர்போர்ட்டில் இறங்கும்போது மாலை 3:45. பன்னிரண்டே கால் மணி நேரம், அதில் பிளைட்டில் இருந்தது 5 மணி 10 நிமிடம்தான். சுற்றிப் போனதால்தான் இவ்வளவு என்று நானும் நினைத்தேன். மூன்று பிளைட்டின் தூரத்தையும் கூட்டிப் பார்த்தால் 252, 1,547, 852, மொத்தம் 2,651 கிலோமீட்டர். நேர்கோட்டைவிட வெறும் 30 கிலோமீட்டர்தான் கூட! நேரத்தைத் தின்றது தூரம் இல்லை, காத்திருப்புதான்.

அந்தக் காத்திருப்பில் ஒரு டீ குடித்தேன், 190 ரூபாய். பேப்பர் கப்பில் வெந்நீர், பால் பவுடர், நூல் கட்டிய ஒரு பை. நம்ம ஊரில் 12 ரூபாய்க்கு ஆற்றிக் கையில் தருவார்கள். பையில் அசாம் தேயிலை என்று போட்டிருந்தது, அந்த அசாமுக்குத்தான் நான் போய்க்கொண்டிருக்கிறேன்! பாதி குடித்துவிட்டுக் கொட்டிவிட்டேன், இன்னும் மனசு ஆறவில்லை.

முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், மூன்று பிளைட்டையும் ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள். பெட்டி கோவையில் போட்டால் திப்ருகரில்தான் எடுப்போம். தனித்தனியாகப் போட்டால் நடுவில் எடுத்துத் திரும்பப் போட வேண்டியிருக்கும், ஒரு பிளைட் லேட் ஆனால் அடுத்ததும் போச்சு. அப்புறம் கொல்கத்தா தாண்டியதும் இடது பக்க ஜன்னல், மறக்காதீர்கள். வானம் தெளிவாக இருந்தால் இமயமலை வெள்ளையாகக் கூடவே வரும். எனக்கு இருபது நிமிடம் கிடைத்தது.

பெட்டியை எடுத்து வெளியே வந்தால் நாலேகால், பொழுது சாய்கிறது! நமக்கும் இவர்களுக்கும் 18 டிகிரி தீர்க்கரேகை வித்தியாசம், டிகிரிக்கு 4 நிமிடம், ஆக 72 நிமிடம் சூரியன் இங்கே முன்னால் ஓடுகிறது. டிசம்பர் என்பதால் வடக்கே பகலும் குறைவு. தேயிலைத் தோட்டங்களில் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னால் வைக்கும் பழக்கம் உண்டு, பாகான் டைம் என்கிறார்கள். தம்பி ஆறு மணி என்றால் எந்த ஆறு என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் வரும் விவேக் எக்ஸ்பிரஸ் ரயிலில் நான் வந்த வீடியோவைப் பார்த்தவர்கள் ரயிலா பிளைட்டா என்று கேட்பீர்கள். பாலக்காட்டில் ஏறி மூன்று நாள் ஆனது, ஆனால் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் டீ கிடைத்தது. எனக்கு ரயில்தான். திரும்பும்போது மேற்குக் காற்று எதிரே அடிக்கும், கொல்கத்தா வரை எத்தனை நிமிடம் கூடுகிறது என்று குறித்து வைக்கிறேன்.