எக்கோ ரிப்போர்ட்டில் ‘எல்விஎச்’: பிபி இதயச் சுவரைத் தடிக்க வைப்பது எப்படி, மாத்திரை தடுப்பது எப்படி

[திரை: எக்கோ ரிப்போர்ட். ‘கான்சென்ட்ரிக் எல்விஎச்’ என்ற வரியின் கீழ் கோடு]

மும்பையில் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) எடுத்துவிட்டு வருகிற பிபி நோயாளிகள் பலரைக் குழப்பும் வரி இது. அடைப்பு என்று பயப்பட வேண்டாம். இது அடைப்பு இல்லை. எல்விஎச் (லெஃப்ட் வென்ட்ரிகுலர் ஹைப்பர்ட்ரோபி) என்றால் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருக்கிறது என்று பொருள்; ‘கான்சென்ட்ரிக்’ என்றால் சுற்றிலும் ஒரே சீராக. ‘அடைப்பு இல்லையே’ என்று ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிடவும் வேண்டாம்.

[திரை: ரிப்போர்ட்டின் அளவுப் பட்டியல் பெரிதாகிறது]

ஐவிஎஸ், பிடபிள்யூ என்று இரண்டு அளவுகள் இருக்கும். முதலாவது நடுச்சுவர், அடுத்தது பின்சுவர். ஆண்களுக்கு 10 மில்லிமீட்டர் வரை, பெண்களுக்கு 9 வரை இயல்பு. 11 என்று இருந்தால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. கருவியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தாலே ஒரு மில்லிமீட்டர் கூடிவிடும். எல்வி மாஸ் இண்டெக்ஸ், அதாவது இடது கீழறைத் தசையின் எடையை உடல் பரப்பால் வகுத்த அளவு, கணக்கிட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு ஆண்களுக்கு 115 கிராம், பெண்களுக்கு 95 கிராம், இதற்கு மேல் போனால்தான் தடிப்பு உறுதி. சுவர் 15 மில்லிமீட்டரைத் தொட்டுவிட்டால் பிபி மேல் மட்டும் பழியைப் போடக் கூடாது. பரம்பரையாக வரும் இதயத்தசை நோயையும் தேட வேண்டும்.

ஈசிஜி நார்மல் என்பது இங்கே பெரிய ஆறுதல் இல்லை. எக்கோவில் தெரிகிற தடிப்பில் கணிசமான பங்கை ஈசிஜி தவறவிடும்.

[திரை: அனிமேஷன். இடது கீழறை சுருங்கி விரிகிறது]

ஏன் தடிக்கிறது? ரத்தக்குழாயில் அழுத்தம் கூடினால், ஒவ்வொரு துடிப்பிலும் அதை மீறித்தான் கீழறை ரத்தத்தைத் தள்ள வேண்டும். சுவரின் மேல் விழும் இழுவிசையைக் குறைக்க இதயம் பிடிக்கும் வழி சுவரைத் தடிமனாக்குவது. இதயத் தசைச் செல்கள் எண்ணிக்கையில் பெருகுவதில்லை. ஒவ்வொரு செல்லும் உள்ளே சுருங்கும் இழைகளைப் பக்கம் பக்கமாக அடுக்கித் தடிக்கிறது. கூடவே ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டிரோன் என்ற இரண்டு ஹார்மோன்கள் செல்களுக்கு இடையில் நார்த்திசுவைப் படியவைக்கின்றன.

ஜிம்மில் வளரும் புஜத்தசையோடு இதை ஒப்பிடுகிறவர்கள் உண்டு. அங்கே தசைக்கேற்ற ரத்த ஓட்டமும் வளரும். இங்கே சுவர் தடித்த அளவுக்கு நுண்குழாய்கள் பெருகுவதில்லை; உள் அடுக்கு ரத்தத்துக்குத் தவிக்கிறது. விறைத்த சுவர் சரியாக விரியாததால் அழுத்தம் பின்வாங்கி நுரையீரலுக்குப் போகிறது. தாதர் ஸ்டேஷன் பாலம் ஏறும்போது மூச்சு வாங்குவது இதனாலும் இருக்கலாம். மேலறை வீங்கி நாடி தாறுமாறானால் பக்கவாதம் வரை போகும்.

[திரை: மாத்திரை வகைகள், ஒவ்வொன்றாக]

முதல் வேலை, பிபியை 130/80-க்குக் கீழே கொண்டுவருவது. எந்த மாத்திரையால் குறைத்தாலும் பலன் உண்டு. ஆனால் எல்லா மாத்திரையும் சமமில்லை. 2002-இல் வெளியான லைஃப் ஆய்வில், ஈசிஜியில் தடிப்பு தெரிந்த 9193 பேரில் ஒரு பாதிக்கு லோசார்ட்டான், மறுபாதிக்கு இதயத் துடிப்பைக் குறைக்கும் வகை பிபி மாத்திரையான அட்டினோலால். பிபி இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. ஆனாலும் லோசார்ட்டான் தரப்பில் தடிப்பு அதிகம் இறங்கியது. பக்கவாதம் 25 சதவீதம் குறைவு.

அதனால் ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் மருந்து முன்னால் நிற்கிறது: டெல்மிசார்ட்டான் 40 அல்லது 80 மில்லிகிராம், லோசார்ட்டான் 50 அல்லது 100, அல்லது ராமிபிரில். ராமிபிரில் வறட்டு இருமலைக் கொண்டுவந்தால் மாற்றிவிடுவார்கள். போதாவிட்டால் அம்லோடிபின் 5, பிறகு குளோர்தாலிடோன் 12.5. மினாக்சிடில், ஹைட்ரலசின் பிபியைக் குறைக்கும், தடிப்பைக் குறைப்பதில்லை.

டெல்மிசார்ட்டான், ராமிபிரில் வகை தொடங்கிய ஓரிரு வாரத்தில் பொட்டாசியம், கிரியாட்டினின் (கிட்னியின் வேலையைக் காட்டுவது) ரத்தப் பரிசோதனை கட்டாயம். கிரியாட்டினின் 30 சதவீதத்துக்குள் ஏறினால் பொதுவாகப் பொறுத்துப் பார்ப்பார்கள். டெல்மிசார்ட்டானும் லோசார்ட்டானும் ஒரு வகை, ராமிபிரில் இன்னொரு வகை; இந்த இரண்டு வகையையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு இரண்டுமே ஆகாது.

[திரை: மழைக்கால மும்பை, மாத்திரை டப்பா]

எங்கே கோட்டை விடுகிறோம்? டெல்மிசார்ட்டான் ஈரத்தை உறிஞ்சும் மாத்திரை. ஜூலை மாத மும்பையில் ஒரு வாரத்துக்கு உரித்து டப்பாவில் போட்டால் நமத்துப் பிசுபிசுக்கும். விழுங்கும் நேரத்தில்தான் உரிக்க வேண்டும்.

மே மாதம் திருநெல்வேலிக்குப் போகிறவர்கள் பத்து நாள் அட்டை ஒன்றோடு கிளம்பி, ஒரு மாதம் தங்குவார்கள். மீதி இருபது நாளும் சுவருக்குப் பழைய சுமைதான். போகும்போதே முழு மாதத்துக்கும் வாங்குங்கள். மருந்துச் சீட்டின் படமும் போனில் இருக்கட்டும். செலவு தடையென்றால் ஜன் ஔஷதி கடை இருக்கிறது.

முதுகுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் பிபியை ஏற்றும், இந்த மாத்திரைகளின் வேலையையும் கெடுக்கும், கிட்னியையும் சோதிக்கும். அப்பளம், ஊறுகாய், கருவாடு மூன்றும் ஒரே தட்டில் இருந்தால் ஒரு நாளைக்கான 5 கிராம் உப்பு எளிதில் தாண்டிவிடும். ‘லோ சோடியம்’ உப்பில் பொட்டாசியம் இருப்பதால் டெல்மிசார்ட்டான் எடுப்பவர்கள் கேட்காமல் வாங்க வேண்டாம்.

[திரை: வீட்டில் பிபி பார்க்கும் முறை]

ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில், கை இதய மட்டத்தில். காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு முறை, இரவில் இரண்டு முறை, ஏழு நாள். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி எடுங்கள். இலக்கு 130/80-க்குக் கீழேதான்; சிகிச்சையில் இருந்தும் சராசரி 135/85-ஐத் தொட்டால் மருந்தளவைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். குறட்டை பலமாக இருந்து, தூக்கத்தில் மூச்சு நின்று திணறினால் அதையும் சொல்லுங்கள். இரவு பிபி இறங்காமல் நிற்க அது ஒரு முக்கியக் காரணம்.

தடிப்பு இறங்க மாதக்கணக்காகும். மறு எக்கோவுக்கு ஒரு வருடம் விடுங்கள்; முடிந்தவரை அதே லேபில் எடுத்து, மாஸ் இண்டெக்ஸை மாஸ் இண்டெக்ஸோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.